வெட்ட வேண்டிய இடம்

"வெட்டுறதுன்னா கெடுக்கிறதுன்னு நினைச்சுடாதீங்க. வெட்டுறதுலதான் சூட்சுமமே இருக்கு" என்றார் பேராசிரியர், காமிராவைப் பார்த்து.

காமிராவுக்குப் பின்னால் நின்ற வீடியோ எடிட்டர் நரைத்த தலையை ஆட்டினார். செலவில்லாமல் ஓர் ஆள் வேண்டும் என்றதும், ஆய்வு மாணவிதான் அவரை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்."

"செல்லுக்குள்ள மரபணு ஒரு செய்தி அனுப்புது. அதை வெட்டாம விட்டா, அதிலேர்ந்து வர்ற புரதம் போய் இன்னொரு மரபணுவோட வாயை அடைச்சிடும். நடுவுல ஒரு துண்டை வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை ஒட்டினா, அடைக்காது. வாயில்லாப் பூச்சியா கிடந்தது பேச ஆரம்பிச்சுடும்."

"ஒரு எழுத்துகூட மாத்தாமலா?"

"எதுக்கு மாத்தணும்? வெட்டுற இடம் தெரிஞ்சா போதும்."

"இதைக் கண்டுபிடிச்சது யாருன்னு ஒரு வரி சொல்லிடுங்க."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். ஐந்து வருடம் ராப்பகலாக உழைத்துக் கண்டுபிடித்தவள், அதோ மூலையில் நிற்கும் மாணவி. அது ஆய்வகத்துச் சுவருக்கே தெரியும். ஆனால் நாளை இந்த வீடியோவைப் பார்க்க வரும் நிதிக் குழு, கண்டுபிடித்தவருக்குப் புது ஆய்வகமே கொடுக்கப்போகிறதே, விட மனசு வருமா?

"இதைக் கண்டுபிடிச்சது நான். பாட்டில் கழுவினது என் மாணவி" என்றார் கொஞ்சமும் கூசாமல்.

மாணவியின் முகம் சுண்டிப்போனது.

எடிட்டர் அவளை ஒருமுறை பார்த்தார். "கொஞ்சம் நீளமா இருக்கு சார். வேண்டாததை வெட்டிடட்டுமா?"

"தாராளமா வெட்டுங்க."

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. திரையில் பேராசிரியர் கணீரென்று சொன்னார்: "இதைக் கண்டுபிடிச்சது என் மாணவி."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. குழுத் தலைவர் ஓடிவந்து பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒரு பெரிய மனசை நான் பார்த்ததே இல்ல சார். புது ஆய்வகம் அந்தப் பொண்ணுக்குத்தான்."

விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு பேராசிரியர் சிரித்து வைத்தார். கூட்டம் கலைந்ததும் எடிட்டரை ஓரங்கட்டினார்.

"என்னய்யா இது அநியாயம்?"

"ஒரு எழுத்துகூட மாத்தல சார். நடுவுல மூணே வார்த்தை வெட்டினேன்."

"அவளுக்காக நீ ஏன்யா வரிஞ்சு கட்டிக்கிட்டு வர்றே?"

எடிட்டர் பதில் சொல்வதற்குள், தோளில் பையோடு மாணவி வந்து நின்றாள்.

"அம்மா போன் மேல போன் போடுறாங்க. கிளம்பலாமா, அப்பா?"