திருட்டு வரி

குயில் காலையில் பாடிய புதுப்பாட்டு மாலைக்குள் பக்கத்து மரங்களில் ஓசியில் ஒலித்தது. யாரோ திருடிக்கொண்டுபோய்ப் பாடுகிறார்கள். பழம் கொடுத்துக் கேட்க ஆளில்லாமல் குயில் பட்டினி கிடந்தது.

தோப்புக்குக் காவலான காகத்தால் திருடனைப் பிடிக்க முடியவில்லை. அதனால் மரம் மரமாக வசூலுக்குக் கிளம்பிவிட்டது.

"தலைக்கு ஒரு பழம் எடுத்து வையுங்க. திருட்டு வரி!"

"நான் பாட்டே கேட்கிறதில்ல அண்ணே," என்றது அணில்.

"காது இருக்குல்ல?"

காகத்தின் அலகு மெல்ல அணிலின் கூட்டுப் பக்கம் திரும்பியது. உள்ளே குட்டிகள் கீச்சிட்டன. அணில் அவற்றுக்கு வைத்திருந்த கொய்யாவைத் தள்ளிவிட்டது. மற்றவர்களும் அப்படியே கட்டினார்கள்.

மறுநாள் குயில் இன்னொரு பாட்டை எடுத்தது. முதல் அடி முடிவதற்குள் கிளைக்குக் கிளை அதே பாட்டு கிளம்பியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது, பாட்டே கேட்காத அந்த அணில்தான்.

காகம் பாய்ந்து வந்தது. "என் கண்ணு முன்னாலேயே திருடுறியா?"

அணில் இடத்தைவிட்டு அசையவில்லை.

"குளத்து வரி கட்டினோம், தண்ணி குடிச்சோம். மரத்து வரி கட்டினோம், கூடு கட்டினோம். நேத்து திருட்டு வரி கட்டியிருக்கோம் அண்ணே."