துண்டு போட்ட இடம்

"ஏம்மா, துண்டு உக்காந்து வருது, மனுஷன் நின்னுக்கிட்டு வர்றேன். இது என்ன நியாயம்?"

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்தபடி கேட்டார் பள்ளிக்கூட கிளார்க் பரமானந்தம்.

"எங்க வீட்டுக்காரருக்குப் போட்ட இடங்க. ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கேன்" என்றாள் வேலுத்தாய். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் சிவப்புக்கரைத் துண்டு.

"அவரு எங்கே?"

"பெருமாள்மலை வந்ததும் உக்காந்துருவாருங்க. கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, ஒரு நாளாச்சும் பஸ்ல அவரு பக்கத்துல உக்காந்து போனதில்ல. சோலி அப்படி. இன்னைக்குத்தான் அரை நாள் லீவு கெடைச்சிருக்கு."

சொல்லும்போதே அவள் முகம் சிவந்தது. பரமானந்தத்துக்குக் கால்தான் வலித்தது.

"கண்டக்டர், நீங்களாச்சும் சொல்லுங்க."

கண்டக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "துண்டை எடும்மா. சார் பெரியவரு."

"முடியாதுங்க" என்றாள் வெடுக்கென்று.

"சரி சார், பெருமாள்மலை வரைக்கும் பொறுங்க. அங்க ஆள் உக்காரலேன்னா நீங்க உக்காந்துக்கங்க."

"அப்படி ஒரு ஆள் இருக்காரான்னே சந்தேகமா இருக்கு. பேரு என்னம்மா?"

வேலுத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கட்டுனவரு பேரை யாராச்சும் வாயால சொல்லுவாங்களா? பழனி மலைமேல இருக்கிற சாமி பேருதாங்க."

அவ்வளவுதான், பஸ்ஸே கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டது.

"முருகனா?"

"இல்லீங்க."

"குமாரவேலா?"

"இல்லீங்க."

"அப்ப பழனிச்சாமிதான்" என்றாள் காய்க்கூடையோடு இருந்த பாப்பம்மாள். அதற்கும் இல்லையென்றுதான் தலையாட்டினாள் வேலுத்தாய். பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். டிரைவர் என்ன நினைத்தாரோ, தனக்குள் சிரித்தபடி ரப்பர் ஹாரனை அமுக்கினார்.

பெருமாள்மலையில் பஸ் நின்றது. ஏறியவர் ஒரே ஒருவர்தான், காக்கிச் சட்டை போட்ட மாற்றுக் கண்டக்டர் சின்னச்சாமி.

"பாத்தியாம்மா, ஆளைக் காணோம்" என்று பரமானந்தம் துண்டின்மேல் கை வைத்தார்.

"தண்டாயுதபாணி அண்ணே, பையைக் குடுங்க" என்றார் சின்னச்சாமி. "இனி என் டூட்டி. அண்ணி எம்புட்டு நேரந்தான் இடம் பிடிச்சு வைப்பாங்க?"

பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார் கண்டக்டர். "கொஞ்சம் வழி விடுங்க சார். நானும் மூணு வருஷமா நின்னுக்கிட்டுத்தான் வர்றேன்."