நூல் கோக்காத ஊசி

பனியன் கம்பெனிக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், மயிலாளின் தையல் மிசினில் உட்கார்ந்து தைக்கிறார். டிவி சேனலின் கேமரா விளக்கில் அவருடைய வெள்ளைச் சட்டை கண்ணைக் கூசவைக்கிறது. மிசின் படபடக்க, துணி நகர, சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். அருகில் நிற்கும் மயிலாளின் கண் ஊசிக்குப் போகிறது. அதில் நூலே இல்லை. யோசிப்பதற்குள் வாய் திறந்துவிடுகிறது. "ஏனுங்க, ஊசீல நூலே கோக்கலீங்களே." கைதட்டல் நின்றுபோகிறது. வேட்பாளர் சிரித்த முகம் மாறாமல் மிசினிலிருந்து காலை எடுக்கிறார். தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில், உடன் வேலை செய்யும் அனிதா அதே சேனலின் நேரலையைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே நடப்பது அதில் சில நொடி கழித்துத்தான் வரும். "அக்கா, நீங்க பேசுனது இன்னும் வரலீங்க" என்கிறாள். "அதைய வெட்டிப்போடுவாங்க கண்ணு" என்கிறாள் மயிலாள். இருபது தலைகள் போனின் மேல் கவிகின்றன. திரையில் மிசின் ஓடுகிறது, கைதட்டல் கேட்கிறது, கீழே 'தொழிலாளியாகவே மாறிய வேட்பாளர்' என்ற எழுத்து நகர்கிறது. அப்போது போனிலிருந்து மயிலாளின் குரல் ஒரு சொல் குறையாமல் வருகிறது. அனிதா அவளைக் கட்டிக்கொள்கிறாள். கம்பெனி முழுக்கச் சிரிப்பு வெடிக்கிறது. கேமரா இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தச் சிரிப்பும் சில நொடியில் ஊருக்கெல்லாம் கேட்கப்போகிறது.