இருபத்தேழு பாகை

வீட்டைச் சூடாக்கும் கணப்பின் முகப்பில் இருபத்தேழு என்று ஒளிர்ந்தது.

மேசையில் கிடந்த வெப்பமானி பதினைந்து என்றது.

அவன் ஜாக்கெட்டோடு நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கால்விரல்கள் மரத்திருந்தன.

மனைவி சாய்கதிரையில் கிடந்தாள். நெஞ்சோடு பிள்ளை. மேலே மூன்று போர்வை. பிள்ளைக்குச் சூடு அவளுடைய தோல்தான்.

குறித்த நாளுக்கு எட்டு வாரம் முந்திப் பிறந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து ஐந்து நாள். எடை இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. இன்னும் பெயர் வைக்கவில்லை.

செவிலி இங்கர் நேற்று குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். வீடு இருபதுக்கு மேல் நிற்க வேண்டும். இன்று பதினொரு மணிக்கு வருவாள். நிற்காவிட்டால் பிள்ளை அவளோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகும்.

படகில் ஒரு மணி நேரம். பிறகு பனிச் சாலையில் இரண்டு.

இப்போது காலை எட்டு.

கணப்பு அவன் தேர்ந்தெடுத்தது. நோர்வேயின் வடக்கில், கடலோரத்தில், பழைய மரவீடு. விறகுக் கணப்பே போதும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவன் கேட்கவில்லை. இது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளைத் தானே எடுத்து எரிக்கும். எத்தனை பாகை என்று சொன்னால் போதும், அதைக் காக்கும். வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான்.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே அது எரிய மறுத்தது.

திருத்த வந்தவன் தன் கருவியை இணைத்து ஓட்டிப் பார்த்தான். அழகாக எரிந்தது. கருவியைக் கழற்றியதும் அணைந்தது. அப்படியென்றால் உள்ளே மின்பலகை பழுது, சூட்டைத் தப்பாகக் காட்டுகிறது, புதியது அடுத்த வாரம் வரும் என்றான். இரவல் வாங்கிய இரண்டு மின்சூடாக்கிகளும் சன்னல் இடுக்குகளைத்தான் சூடாக்கின.

“இஞ்சேருங்கோ,” என்றாள் அவள். கண்ணைத் திறக்கவில்லை. “விளக்குக்கு எண்ணெய் விடுங்கோ. நூர்ந்து போகும்.”

பிள்ளை இரண்டரைக் கிலோ வரும்வரை விளக்கு அணையக் கூடாது. அவளுடைய நேர்த்தி. அறையில் இருந்த அம்மாள் சாமி படத்தையும் விளக்கையும், கதிரையிலிருந்து பார்க்கத் தோதாக, பிள்ளை வந்த அன்று இந்தச் சுவர்த் தட்டுக்கு மாற்றியிருந்தாள். முன்பு அங்கே கதவுப் பூட்டுகளின் திறப்புகள் கிடக்கும்.

அவன் எண்ணெய்ப் போத்தலோடு போனான். இந்த ஐந்து நாளில் அவன் அந்தத் தட்டுக்குப் போவது இதுதான் முதல் முறை.

சாய்த்து ஊற்றும்போது புறங்கை சுட்டது.

நிமிர்ந்து பார்த்தான்.

சுடருக்கு ஒரு சாண் மேலே ஒரு வயரின் முனை. இரண்டு சிறிய ஆணிகள். கணப்புக்குப் பின்னால் தொடங்கி, சுவரோரம் ஓடி, அங்கே முடிந்தது. அறையின் சூட்டை அளக்கும் வயர். கணப்புக்குப் பக்கத்தில் இருந்தால் தப்பாக அளக்கும் என்று போன வருடம் இழுத்து நீட்டி அவன்தான் அடித்தான்.

பலகை பொய் சொல்லவில்லை.

இந்த ஒரு சாண் இடத்தில் இருபத்தேழுதான்.

விரல் நகமளவு சுடர். ஆடவில்லை. இரண்டு மாடியைச் சூடாக்கும் நெருப்பை ஐந்து நாள் எழும்ப விடாமல் பிடித்து வைத்திருந்தது.

கோபம் வரவேண்டும். வரவில்லை. எந்தக் கோயிலிலும் அவன் இப்படி நின்றதில்லை.

குறட்டால் ஆணிகளைப் பிடுங்கினான். வயரைத் தாழ்வாரக் கதவுப் பக்கம் கொண்டுபோய் ஒட்டினான்.

இருபத்தேழு.

இருபத்திரண்டு.

பதினாறு.

உள்ளே ஒரு திருகு சுழன்றது. குச்சிகள் இரும்புக் கிண்ணத்தில் விழுந்தன. ஒவ்வொன்றாக, மழை தொடங்குவதுபோல.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு கிண்ணத்தின் அடியில் ஒரு சிவப்பு. அது யோசிப்பதுபோல் இருந்தது. சட்டென்று கண்ணாடி முழுவதும் நெருப்பு. அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

சுவர் மரங்கள் முறிவதுபோல் சத்தமிட்டன. வீடு நெட்டி முறித்தது.

“பாத்தீங்களே,” என்றாள் அவள். கன்னத்தில் நீர். “அம்மாள் கைவிடேல்லை.”

அவன் வாயைத் திறந்தான்.

ஐந்து நாள். அவள் சோறு தின்னாமல், பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று, எண்ணெய் விட்டு விட்டு.

“ஓம்,” என்றான்.

பதினொரு மணிக்கு இங்கர் வந்தாள். வாசலைத் தாண்டியதும் அவளுடைய மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. அப்படியே நின்று சிரித்தாள். துடைத்துப் போட்டுக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தாள். பிள்ளையின் அக்குளில் ஒன்றை வைத்து எடுத்தாள். என்ன பழுது என்று கேட்டாள்.

அவன் நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னான். தாழ்ந்த குரலில். பழுது இல்லை, என் பிழை. வயரைச் சூடான இடத்தில் அடித்துவிட்டேன்.

ஆறு வாரம் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில், எல்லோரும் அந்த மொழியில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் மனைவி. சூடு, வயர், சுவர். இந்தச் சொற்கள் அவளுக்குத் தெரியும்.

இருபத்தொன்று, பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றாள் இங்கர்.

அவள் இங்கரைப் பார்க்கவில்லை.

விளக்குக்கு மேலே, சுவரில், இரண்டு ஆணித்துளைகள். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குப் புகைக்கறை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் பிள்ளையின் முதுகில், மேலும் கீழுமாக.