கரடியா, ஆடா?

ஊர்க் கொடியின் நடுவில் கரடியைப் போடுவதா, ஆட்டைப் போடுவதா? ஸ்பெயினின் அந்த மலையோரச் சிற்றூரில் உறுப்பினர்கள் என்று தனியாக யாரும் கிடையாது, ஊரே சபை. அன்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"கரடிதான். எங்க தாத்தா தனியாளா அடிச்ச கரடி!" என்றார் ஊர்த்தலைவர் ரெமிஹியோ.

"அதை யாரு பாத்தா? இந்த ஊருக்குச் சோறு போட்டது ஆடு" என்றாள் காசில்டா.

"உன் ஆடு என் தோட்டத்துல மேஞ்சது பத்தாதா? கொடியிலயும் மேயணுமா?"

"கரடி வந்துச்சுன்னா நான் பெட்டியைக் கட்டிக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்!"

அடுத்த ஊரிலிருந்து வந்திருந்த செயலர் நூரியா வாக்கெடுப்பு நடத்தினாள். இரண்டு பக்கமும் சமம்.

"சமமா வந்தா உங்க ஓட்டை ரெண்டா எண்ணணும், தலைவரே. கரடிதானே?"

ரெமிஹியோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஆடே இருக்கட்டும்."

காசில்டா தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியேறினாள்.

"கையில இருந்த வெற்றியை ஏன் ஐயா விட்டீங்க?" என்றாள் நூரியா.

"அவளும் போயிட்டா ஊர்ல மிச்சம் நான் ஒருத்தன்தாம்மா. கரடிக் கொடியை ஏத்திட்டு, அப்புறம் யார்கூடச் சண்டை போடுறது?"