தேவையில்லாத வால்வு

“அவருக்குத் தெரியவே கூடாது” என்றாள் அவள். காரின் பானட்டுக்குள் குனிந்து வால்வின் ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது.

பட்டறையில் வேறு ஆள் இல்லை. நாற்காலி போட்டும் அவள் உட்காரவில்லை. பக்கத்திலேயே நின்று, அவன் விரல் போகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாஷ்போர்டுல லைட் எரிஞ்சு காட்டிக் குடுத்துடுமா?”

“எரியாதும்மா. பிளக்குல ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகிட்டா, வால்வு இன்னும் இருக்குன்னு வண்டியோட கம்ப்யூட்டர் நம்பிடும். பாவம், அது ஒரு அப்பாவி.”

சிரிப்பாள் என்று பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

இதை ஆரம்பித்து வைத்ததே அவன் வாய்தான். போன மாதம் சர்வீஸுக்கு வந்த அவள் கணவரிடம், “டர்போ காத்துச் சத்தத்தை அடக்கத்தான் சார் இந்த வால்வு. தேவையே இல்லை, கழட்டிட்டா ஒரு தொல்லை விட்டுது” என்று சொல்லியிருந்தான். இவளும் அப்போது கூட இருந்தாள்.

“வேண்டாங்க. எனக்கு வண்டிச் சத்தமே ஆகாது. வாசல்ல வந்து நின்னாக்கூட வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது” என்று அவர் சிரித்தார். தங்கமான மனுஷன். கிரீஸ் கையோடு நிற்பவனிடம்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

அப்பேர்ப்பட்டவர் வெளியூர் போன நாளாகப் பார்த்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் இவள். சாயங்காலம் அவர் வருவதற்குள் முடித்தாக வேண்டுமாம்.

“இந்தத் தடிச்ச டியூப் எங்க போகுது?”

“அது பிரேக்குக்கும்மா. அதுல கை வச்சா ஆளே காலி.”

அவள் அதையே வெறித்துப் பார்த்தாள். பிறகு, “அது இருக்கட்டும்” என்றாள்.

மெக்கானிக் அந்த டியூபை மறைத்தாற்போல நகர்ந்து நின்றான். இன்றைக்குக் கூடவே நின்று பார்த்துக்கொள்கிறாள், நாளைக்கு எதைக் கழற்றுவாளோ? எங்காவது ஒரு வளைவில் ஏதாவது ஆகிவிட்டால், கடைசியாக வண்டியில் கை வைத்தவன் அவன்தான். கம்பி எண்ணப் போவதும் அவன்தான்.

வால்வு கையோடு வந்தது. டியூப் முனைகளை அடைத்து, ரெசிஸ்டரைச் சொருகி, வண்டியைக் கிளப்பினான். ஆக்சிலேட்டரை மிதித்துக் காலை எடுத்ததும் ‘புஸ்ஸ்’ என்று ஒரு சீறல்.

“காலை எடுக்கறப்பல்லாம் இப்படித்தான் சத்தம் வரும்மா” என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்கிற நப்பாசை அவனுக்கு.

“உள்ள இருக்கறவருக்குக் கேக்குமா?”

“கண்ணாடியை ஏத்திட்டுப் பாட்டுப் போட்டிருந்தா கேக்காது. வெளியிலதான், தெருமுனையில வர்றப்பவே கேக்கும்.”

“அவர் எப்பவும் பாட்டுப் போட்டுட்டுத்தான் ஓட்டுவார்” என்றபடி அவள் கையை நீட்டினாள். “சாவி.”

அவன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனை எடுத்தான். “தப்பா நினைக்காதீங்கம்மா. சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுத்துடறேன். நானும் குடும்பஸ்தன்.”

நம்பரை அழுத்தப் போனவனின் கையை அவள் பாய்ந்து பிடித்தாள். மெக்கானிக்குக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

“சொல்லுங்க! அந்த நல்ல மனுஷனை என்ன பண்ணப் போறீங்க?”

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அவர் தெருவுல திரும்பறது கேட்டாத்தாண்ணே, பிள்ளைங்களை ஒளிச்சு வைக்க எனக்கு நேரம் கிடைக்கும்.”