தாராளமான ஷூ

மலையோட்டத்தில் தோற்றவன், ஜெயித்தவனின் ஷூவைத் தலையில் சுமந்துகொண்டு அடிவாரம் வரை இறங்கவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். மாசிலாமணி, மச்சான் தைரியநாதனின் ஷூவை வருஷாவருஷம் சுமந்தே வழுக்கையானவர். இந்த வருஷம் கடைக்குப் போய், முன்பக்கம் அகன்று, குதிகாலும் விரலும் ஒரே மட்டத்தில் நிற்கிற ஜோடி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். இத்தனை காலம் நெருக்கியடித்துக் கிடந்த விரல்கள், பந்தியில் இடம் கிடைத்த சம்பந்தி வீட்டார் மாதிரி பரவி உட்கார்ந்தன. சுண்டுவிரல் சோம்பல் முறித்ததைக் கடைக்காரனே பார்த்தான்.

"இதைவிட அகலமா இருக்கா தம்பி?"

"உங்க காலுக்கு இதுவே தாராளம்ங்கய்யா."

மாசிலாமணி ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து, அடியிலிருந்த முரட்டுப் பற்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"காலுக்குப் போதும்ப்பா. மச்சானுக்குத் தலை கொஞ்சம் பெரிசு."